பிடித்துக்கொண்டால் கீழே போ

அத்தியாயம் 14

அரக்கோணம் ஸ்டேஷன் டீக்கடையில் கைக்குக் கிடைத்த ஒரு நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ராத்திரி ரயில்வே டூட்டி முடித்த மணவாளன் காலை ரயிலில் திருத்தணிக்கு வந்துகொண்டிருந்தான். போன வாரம் அவனை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். இருபது நிமிஷப் பயணம். கோபமாக இருக்கிற ஆளுக்கு இருபது நிமிஷம் ரொம்ப அதிகம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், கேட்க வேண்டிய கேள்வியை நாலு விதமாகக் கேட்டுப் பார்த்து முடித்திருந்தான்.

நோட்டீசில் இருந்தது இவ்வளவுதான். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கூட்டத்துக்காக, அல்லிக்குளத்துப் பெண்கள் படித்துறையில் நீச்சல் தெரிந்த பெண்களைக் காவலுக்கு நிறுத்த விழாக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. பெயர் கொடுத்த நாலு பெண்களில் மூன்றாவது பெயர் அவன் பெண்சாதியுடையது, திருமதி ம. வரலட்சுமி.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

"இன்னா இது?" என்றான்.

வரலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "நோட்டீசு."

"நோட்டீசுன்னு எனக்குத் தெரியாதா? இதுல உம் பேரு எப்டி வந்துச்சு?"

"நான்தான் குடுத்தேன் பாவா."

அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவளுக்கு அவன் பாவாதான். கோபத்தில் இருக்கும்போது அந்த வார்த்தை காதில் விழுந்தால் மணவாளனுக்குக் கோபம் பாதியாகிவிடும். இன்றைக்கு ஆகவில்லை.

சமையல்கட்டிலிருந்து காஞ்சனா காப்பி டம்ளரோடு வந்தாள். மணவாளனின் தங்கை. மெட்ராசில் காலேஜ் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள்.

"அண்ணா, மொதல்ல காப்பியக் குடி."

"நீ இன்னா, இவளுக்கு வக்கீலா? ரெண்டு மாசமா பம்புசெட்டுல துணி தொவைக்கப் போறோம்னு போனீங்களே, இதுக்குத்தானா?"

"துணியுந்தான் தொவைச்சோம்" என்றாள் காஞ்சனா. அது பொய்யில்லை. மேலே சொல்லாமல் விட்டதில்தான் பொய் இருந்தது.

மணவாளன் காப்பியைத் தொடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அவன் கத்தியிருந்தால் வரலட்சுமிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன வருசம் அந்தப் படியில நின்னது நான். அந்தப் பொம்பள வழுக்கி வுழுந்தா, நீ பின்னாலயே குதிச்சே. தண்ணி மேல ஒண்ணுமே இல்ல. உன் தலையும் தெரியல, அவ தலையும் தெரியல. எனக்கு நீச்சல் வராது. இடுப்புத் தண்ணியில நின்னுகினு உன் பேரச் சொல்லிக் கத்திகினு இருந்தேன். அப்பால நீ மட்டும் வந்தே." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னொரு தபா என்னால அப்டி நிக்க முடியாது லச்சு. வேணாம். சொல்லிட்டேன்."

நீ மட்டும் வந்தே. அந்த மூன்று வார்த்தைதான் ஒரு வருஷமாக வரலட்சுமியின் மனசில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத் தண்ணீருக்குள் நடந்ததை அவள் புருஷனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

இப்போதும் சொல்ல வரவில்லை. மாற்றுத் துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் போயிட்டு வரேன் பாவா. நீங்க வந்து நிக்க வேணாம். டூட்டி பாத்துட்டு வந்திருக்கீங்க, படுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவன் சொல்லைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. மூட்டையோடு வாசல்படி இறங்கினாள். காஞ்சனா கையைப் பிடித்துக்கொண்டாள்.

*

குளத்துக்கு நடந்து போக அரை மணி ஆகும். அதற்குள் இந்த இரண்டு மாசக் கதையை, விட்டுப்போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வரலட்சுமி பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். பத்து வயசில் தறிக்குழியில் கால் வைத்தவள். கிணற்று நீச்சலும் தெரியும். அதாவது, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையால் தண்ணீரை அறைந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகிற நீச்சல். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது போதும். இன்னொருத்தியை இழுத்து வரப் போதாது என்று போன ஆடிக் கிருத்திகையன்று தெரிந்துகொண்டாள்.

காஞ்சனா காலேஜ் குளத்தில் முறையாகக் கற்றவள். லீவுக்கு வந்த மறுநாளே அண்ணி அவளைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மெட்ராசு நீச்சல எனக்கும் சொல்லிக் குடு காஞ்சனா." பொதட்டூர்பேட்டை ரோட்டில் ஜம்புலிங்கத்தின் பம்புசெட்டுக் கிணறு நல்ல அகலம். காலை வேளையில் ஆள் வராது. அண்ணிக்கு நாத்தனார் வாத்தியார் ஆனாள். அண்ணியைவிடப் பத்து வயசு இளைய வாத்தியார், ஆனால் அதட்டலுக்குக் குறைச்சல் இல்லை.

முதல் வாரம் முழுக்க மூச்சுதான். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட வேண்டும். மூன்றாவது கைவீச்சுக்குத் தலையைத் தூக்காமல், பக்கவாட்டில் திருப்பி, வாயோரத்தால் காற்றை வாங்க வேண்டும். வரலட்சுமி மூக்கு வழியாகக் கிணற்றில் பாதியைக் குடித்தாள். அப்புறம் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தறியில் நூல் கொண்டு ஓடுகிற நாடா நினைப்புக்கு வந்தது. நாடா, நாடா, மூச்சு. நாடா, நாடா, மூச்சு. அன்றிலிருந்து மூச்சு வசப்பட்டது.

வசப்படாதது கால்.

நீண்டு படுத்து நீந்தும்போது கால் இடுப்பிலிருந்து அசைய வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. இவளுக்கு மடங்கியது. வலது, இடது, வலது, இடது என்று இரண்டு காலும் இல்லாத தறி மிதிக்கட்டையைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தன. இருபது வருஷப் பழக்கம். கை முன்னால் இழுக்கும், கால் கீழே மிதிக்கும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பாள்.

"அண்ணி! தறி மிதிக்காதீங்க!" என்று கிணற்றுப் படியிலிருந்து காஞ்சனா கத்துவாள். இந்த இரண்டு மாசத்தில் அவள் அதை ஆயிரம் தடவையாவது கத்தியிருப்பாள். கடைசியில் 'தறி' என்ற ஒரு வார்த்தையே போதும் என்றாகிவிட்டது.

நாலாவது வாரத்தில், படியில் உட்கார்ந்து தலை துவட்டும்போது, வரலட்சுமி அதைச் சொன்னாள்.

"அந்தப் பூவம்மா எங்கழுத்தக் கட்டிக்கினா காஞ்சனா. ரெண்டு பேரும் கீழ போனோம். எனக்கு மேல வரணும், அவ வுடல. அவ கையப் புடுங்கி உதறிட்டு நான் மட்டும் மேல வந்துட்டேன். ஆம்பளைங்க எறங்கி அவளத் தூக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

காஞ்சனா துண்டை வாங்கி அண்ணியின் தலையைத் துவட்டிவிட்டாள். அன்று சாயங்காலமே தன் நீச்சல் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பத்து நாளில் இன்லண்டு லெட்டர் வந்தது. அதில் நாலு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

'மூழ்குகிறவர் கட்டிப்பிடித்தால் மேலே வரப் போராடாதே. மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போ. அவருக்கு வேண்டியது நீ இல்லை, காற்று. அவரே உன்னை விட்டுவிடுவார். பிறகு பின்பக்கமாக வந்து தாடையைப் பிடி.'

வரலட்சுமி அந்த நாலு வரியை எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "இவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

படிக்கச் சுலபம். செய்து பார்த்தபோது உடம்பு கேட்கவில்லை. காஞ்சனா கழுத்தைக் கட்டிக்கொண்ட உடனே வரலட்சுமியின் கைகால் எல்லாம் மேலே போகத்தான் துடித்தன. ஒரு தடவைகூட ஒழுங்காகக் கீழே போக முடியவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் அதே கதைதான்.

*

அல்லிக்குளத்தில் திருவிழா மாதிரி கூட்டம். சரவணப் பொய்கையில் இடம் கிடைக்காத கிருத்திகைக் கூட்டம் குளிக்கிற குளம் இது. ஆனி மாசத்துக்குத் தண்ணீர் நன்றாகவே இருந்தது. நடுவில் நாலு எண்ணெய் டிரம்மைக் கட்டி ஒரு மிதவை விட்டிருந்தார்கள். பெண்கள் நீந்துவதைப் பார்க்க ஆண்கள் இவ்வளவு சீக்கிரம் குளித்துத் தயாராகி வந்திருப்பதைப் பார்த்து, தீயணைப்பு நிலையத்து அதிகாரி ராஜவேலு முதல் காரியமாக விசிலை ஊதி எல்லாரையும் ஆண்கள் படித்துறைப் பக்கம் விரட்டினார். அவரோடு இரண்டு தீயணைப்பு வீரர்கள் கயிறும் டியூபும் வைத்துக்கொண்டு நின்றார்கள். கமிட்டித் தலைவர் கஜபதி குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாலு பேரில் ஒருத்தி வரவில்லை. வந்தவர்களில் ரத்தினம்மாள் சந்தைப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறவள், ஆள் பெரிய உருவம், வாய் அதைவிடப் பெரிசு. இன்னொருத்தி ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். இருபத்தைந்து வயசு இருக்கும். பெயர் கேட்டதற்கு "எல்லம்மா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் வரலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரலட்சுமி முழுச் சேலையில் இறங்கவில்லை. ஆறு கஜம் நனைந்தால் அதுவே ஆளை இழுக்கும். நாலு கஜம் கட்டம் போட்ட துணியைக் கச்சமாக இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் அம்மா வீட்டுத் தறியில் அவளே நெய்தது.

"மொதல்ல இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போயிட்டு வரணும்" என்றார் ராஜவேலு. "நாப்பது கஜம் போக, நாப்பது கஜம் வர. தலையத் தூக்கினு தவளை மாதிரி வரக் கூடாது. அப்டி வந்தா பாதியில மூச்சு வாங்கும்."

விசில்.

குதித்ததும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாடா, நாடா, மூச்சு. ஆனால் கிணற்றில் இருபதடிக்கு ஒரு சுவர் வரும், கையால் தொட்டுத் திரும்பலாம். இங்கே சுவரே வரவில்லை. படித்துறையைத் தாண்டி ஆழத்துக்கு வந்ததும், போன வருஷம் பூவம்மாள் மூழ்கின இடத்துக்குப் பக்கத்தில், வரலட்சுமிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் வந்ததும் கால் தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. வலது, இடது. இடுப்பு கீழே இறங்கியது. கை எவ்வளவு இழுத்தும் ஆள் நகரவில்லை. ரத்தினம்மாள் அவளைத் தாண்டிப் போனாள்.

"அண்ணி! தறி!"

கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாமா, தறிக்கு இன்னா இப்போ?" என்று கஜபதி திரும்பிக் கேட்டார். காஞ்சனா இன்னொரு தடவை கத்தினாள்.

கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது. கால் நீண்டது. இடுப்பு மேலே வந்தது. மூன்று பேரில் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள், ஆனால் வந்து சேர்ந்தாள்.

மலைப்பாதை பக்கமாக, ஒரு வேப்பமரத்தடியில் மணவாளன் வந்து நின்றிருந்தான். காப்பியும் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை. இந்த ஆள் வராமல் இருப்பான் என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது, ஆழத்தில் நின்ற இடத்திலேயே நிற்பது. இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி ஐந்து நிமிஷம். கையைத் தண்ணீரில் போட்டால் தோற்றது. எல்லம்மாள் இரண்டு நிமிஷத்தில் மூச்சுத் திணறி டியூபைப் பிடித்துவிட்டாள். ரத்தினம்மாள் முருகா முருகா என்று சொல்லியே ஐந்து நிமிஷத்தையும் ஓட்டினாள்.

"இப்ப மிதிங்க அண்ணி!" என்று காஞ்சனா கரையில் குதித்தாள்.

வரலட்சுமி மிதித்தாள். வலது, இடது, வலது, இடது. எந்தக் கால் இரண்டு மாசம் அவளை அழவைத்ததோ, அதே கால். தண்ணீர் மார்புக்கு மேலே ஏறவே இல்லை. ஏதோ தண்ணீருக்குள் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைக்கும்படி இருந்தது. ஐந்து நிமிஷம் ஆகி ராஜவேலு விசில் ஊதியபோது, "ஆச்சுங்களா?" என்று கேட்டாள்.

"உள்ள எதாச்சும் கல்லு கில்லு கீதா?" என்றார் கஜபதி சந்தேகமாக.

"இருபதடி ஆழங்க" என்றார் ராஜவேலு. முதல் தடவையாகச் சிரித்தார்.

*

மூன்றாவதுதான் முக்கியமானது. மிதவையிலிருந்து ஒரு ஆளைத் தண்ணீரில் விடுவார்கள். அவரைக் கரைக்குக் கொண்டு வர வேண்டும்.

"யார வுடறது?" என்று கேட்டார் கஜபதி. "உங்க ஆளுங்க வேணாம் சார். வேத்து ஆம்பளையத் தொட்டு இழுத்துகினு வந்தான்னு நாளைக்கு ஊர்ல பேச்சு வரும்."

"நான் எறங்கறேன்" என்றாள் காஞ்சனா.

"நீ வேணாம்மா. நீச்சல் தெரிஞ்சவங்க கட்டை மாதிரி மிதப்பாங்க. அது பரீட்சை இல்ல. பயப்படற ஆளு வேணும்."

ராஜவேலு பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லாரும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்கள்.

"நான் வரேன் சார்."

வேப்பமரத்தடியிலிருந்து மணவாளன் இறங்கி வந்தான். "வரலட்சுமி புருசன். எனக்கு நீச்சல் தெரியாது."

அவன் மனசில் இருந்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன். தன்னைத் தண்ணீரில் விடுவதற்கு அவள் சம்மதிக்கவே மாட்டாள் என்று அவன் நிச்சயமாக நம்பினான். 'வேணாம் பாவா' என்று ஒரு வார்த்தை சொல்லுவாள், இத்தோடு கதை முடியும், வீட்டுக்குப் போகலாம். கணக்குப் போட்டுத்தான் இறங்கி வந்திருந்தான்.

வரலட்சுமி தண்ணீரிலிருந்தே அவனைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கும் புரிந்துவிட்டது.

"சட்டையக் கழட்டிட்டு வாங்க பாவா" என்றாள்.

வேறு வழியில்லை, ஊரே பார்க்கிறது. இடுப்பில் கயிறு கட்டினார்கள். ஏதாவது ஆனால் வீரர்கள் இழுத்துவிடுவார்கள் என்று ராஜவேலு தைரியம் சொன்னார். மிதவையின் ஓரத்தில் உட்கார்ந்து மணவாளன் ஒரு தடவை மலையைப் பார்த்துக் கும்பிட்டான். அப்புறம் கையை விட்டான்.

நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் காதுக்குள் போன நொடியே அவனுக்குப் பரீட்சை மறந்தது, கயிறு மறந்தது. கை காலை உதறினான். பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டான்.

அது வரலட்சுமியின் கழுத்து.

அதே பிடி. அதே இடம். அன்றைக்குக் கண்ணாடி வளையல் போட்ட கை, இன்றைக்கு ரயில்வேக்காரன் கை. அவ்வளவுதான் வித்தியாசம். உடம்பெல்லாம் மேலே மேலே என்று அலறியது. உதறு, போ. உதறினால் மேலே போய்விடலாம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை அப்படிப் போனவள்தான்.

ஒரே ஒரு மூச்சை இழுத்தாள். காலை நிறுத்தினாள். அவனையும் கட்டிக்கொண்டபடியே கீழே போனாள்.

கரையில் யாரோ ஐயோ என்றார்கள். தண்ணீர் மேல் ஒன்றும் இல்லை. வீரர் ஒருவர் கயிற்றில் கை வைத்தார். ராஜவேலு அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். காஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். கிணற்றில் ஒரு தடவைகூட இது சரியாக வந்ததில்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கீழே, பச்சை இருட்டில், மணவாளனின் பிடி தளர்ந்தது. அவனுக்கு வேண்டியது காற்று. அவளை விட்டுவிட்டு மேலே துழாவினான். டீச்சர் எழுதியது சரி. வரலட்சுமி அவன் முதுகுப் பக்கம் வந்தாள். ஒரு கையை அவன் தாடைக்குக் கீழே கொடுத்தாள். ஓங்கி ஒரு உதை உதைத்தாள்.

இரண்டு தலையும் சேர்ந்து மேலே வந்தன.

"பாவா, துள்ளாதீங்க. நான் பின்னாலதான் கீறேன். ஒடம்ப லேசா வுடுங்க. மேல பாருங்க. மலையப் பாத்துகினே இருங்க."

இருமலுக்கு நடுவே அவன் மலையைப் பார்த்தான். கோபுரம் ஆடியது, நின்றது, பின்னால் நகர்ந்தது. அவள் பக்கவாட்டில் படுத்து, ஒரு கையால் தண்ணீரை இழுத்து, காலைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்து மூடி, மெதுவாக நீந்தினாள். இருபது கஜம். ஜனங்கள் கைதட்டியது அவனுக்குக் கேட்கவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் காதோரத்தில் கேட்டுக்கொண்டே வந்தது. படிக்கல் முதுகில் இடித்தபோதுதான் கரை என்று தெரிந்தது.

"எனக்கும் இவரையே குடுங்க சார்" என்றாள் ரத்தினம்மாள். "நல்லா பயப்படறாரு."

மணவாளன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றான். படித்துறையே சிரித்தது. ரத்தினம்மாள் தீயணைப்பு வீரரையே, ஊர்ப் பேச்சைப் பற்றிக் கவலைப்படாமல், கூடையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

*

கஜபதி முடிவைப் படித்தார். ரத்தினம்மாள், வரலட்சுமி, இரண்டு பேர் தேறினார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். நாலு வாரம் கழித்து மறுபடி ஒரு பரீட்சை வைக்கப்படும். தேறியவர்கள் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று கடைசியாகச் சேர்த்துக்கொண்டார்.

"இப்பவே குடுங்க, போட்டுடறேன்" என்றான் மணவாளன். ஈரக் கையாலேயே பேனாவை வாங்கினான். தாளில் பாதி ஈரம். கையெழுத்து கோணலாக விழுந்தது.

கூட்டம் கலைந்தது. புருஷனும் பெண்சாதியும் கடைசிப் படியில், காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். காஞ்சனா பின்னால் நின்று அண்ணியின் தலையைத் துவட்டினாள்.

"கீழ போறப்ப செத்தேன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"தெரியும்."

"நீ வுட்டுட்டுப் போயிடுவேன்னு ஒரு நிமிசம்..."

வரலட்சுமி துண்டை விலக்கினாள். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாமல் இருப்பதற்குக் காரணமும் இல்லை.

"போன வருசம் வுட்டுட்டுத்தான் வந்தேன் பாவா. அந்தப் பூவம்மா எங்கழுத்தக் கட்டிகினு இருந்தா. அவ கைய நான்தான் உதறினேன். அதனாலதான் நான் மட்டும் வந்தேன்."

மணவாளன் தண்ணீரையே பார்த்தான். அப்புறம் யாராவது பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கழுத்தைப் பிடித்தானே, அப்படி இல்லை. சும்மா, லேசாக.

"இத்தினி நாளா இத வெச்சுகினா இருந்தே?" என்றான்.

"ஆங்."

மேல்படியில் யாரோ அசைகிற சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள். எல்லம்மாள். ஈரத் துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பஸ்ஸுக்குப் போகாமல் அங்கேதான் இருந்திருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நான் பூவம்மா தங்கச்சி" என்றாள்.

வரலட்சுமியின் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது.

"எங்கக்கா கைய உதறினது நீங்கதானா?"

"ஆங்" என்றாள் வரலட்சுமி. "நான்தாம்மா. கீழ போகணும்னு எனக்கு அப்போ தெரியல. இப்பத்தான் தெரிஞ்சிது."

எல்லம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அது கோபமா, துக்கமா, அவளுக்கே தெரிந்திருக்காது. ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. வரலட்சுமிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் காலையும் தண்ணீரில் விட்டாள்.

"நீங்க கீழ போனீங்களே, அத நான் பாத்தேன்" என்றாள். "அத எனக்குச் சொல்லித் தருவீங்களா? எந்தக் கெணத்துக்கு வரணும்?"

வரலட்சுமி தலையை ஆட்டினாள். "பொதட்டூர்பேட்டை ரோடு, ஜம்புலிங்கம் கெணறு. காலைல வந்துடுங்க" என்று காஞ்சனாதான் பதில் சொன்னாள்.

"வரேன். ஆனா ஒண்ணுங்க." எல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கக்கா பின்னால குதிச்ச பொம்பள யாருன்னு எங்க பாவா ஒரு வருசமா தேடிகினு இருக்காரு. அக்கா வூட்டுக்காரரு. எதுக்குன்னு எங்கிட்டகூடச் சொன்னதில்ல. இன்னிக்கு என்னக் கூட்டிப்போக வரேன்னு சொன்னாரு."

சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். படித்துறையின் உச்சியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். முன்னால் கம்பியில் ஒரு பெண் குழந்தை, மஞ்சள் கவுன் போட்டு உட்கார்ந்திருந்தது. அவர் குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாசிக்குப் பயந்து ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கத் தொடங்கினார்.

தண்ணீருக்குள் வரலட்சுமியின் கால்கள் தாமாகவே மிதிக்க ஆரம்பித்தன. வலது, இடது, வலது, இடது. மணவாளன் பிடியைத் தளர்த்தினான். வேண்டுமானால் எழுந்து போ என்பதுபோல அவளைப் பார்த்தான்.

அவள் போகவில்லை. ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, அவர் வந்து சேரும் வரைக்கும் அந்தக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.